மறைக்கப்பட்ட உண்மை என்று ஒரு கதை

நீரோ ரோமாபுரியை ஆண்ட பதின்மூன்றாவது வருடம், கிரீட் தீவில் ஒரு நிலநடுக்கம். அதில் பழைய கல்லறை ஒன்று பிளந்துகொண்டது. அந்தப் பக்கம் வந்த ஆடு மேய்ப்பவர்கள் உள்ளே ஒரு பெட்டியைப் பார்த்தார்கள். புதையல் என்று நினைத்துத் திறந்தால் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. எழுத்துகள் நிறைந்த மரப்பட்டைகள்தான் இருந்தன. அவை கைமாறிக் கைமாறிக் கடைசியில் நீரோவிடமே போய்ச் சேர்ந்தன. படிக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால், டிராய் போரில் நேரில் சண்டை போட்ட டிக்டிஸ் என்ற கிரீட் வீரனின் நாட்குறிப்பு அது. அந்தப் போரை ‘இலியட்’ காவியமாகப் பாடிய ஹோமர் பிறப்பதற்கு முன்பே, போரைக் கண்ணால் பார்த்தவன் எழுதியது!

இப்படித்தான் அந்த நூலின் முன்னுரை சொல்கிறது. கல்லறை, பெட்டி, மரப்பட்டை எல்லாமே கற்பனை. டிக்டிஸ் என்று ஒரு வீரன் இருந்ததற்கும் எந்த ஆதாரமும் கிடையாது. நமக்கு முழுதாகக் கிடைத்திருப்பது லத்தீன் வடிவம். அதற்கு முன் கிரேக்க வடிவம் ஒன்று இருந்தது என்பதை எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு ஒன்று காட்டியது. 1907-ல் அது அச்சில் வந்தது. அதற்கும் பின்னால் போனால் எதுவும் இல்லை.

டிக்டிஸ் கிரேக்கர் பக்கம் நின்றவன் என்றால், எதிர்ப்பக்கத்துக்கு ஒரு சாட்சி வேண்டாமா? அதற்கும் ஒரு நூல் வந்தது. டாரெஸ் என்ற டிராய்க்காரன் தன் கைப்பட எழுதியதாம், ஏதென்ஸில் கிடைத்ததாம். கொர்னேலியஸ் நேபோஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் பெயரில் ஒரு போலிக் கடிதம் அதற்கு முன்னுரை. தெய்வங்கள் மனிதர்களோடு சண்டை போட்டதாக எழுதிய ஹோமரை ஏதென்ஸில் விசாரித்துப் பைத்தியக்காரன் என்று தீர்ப்புச் சொன்னார்கள் என்று அந்தக் கடிதம் சொல்கிறது.

வேடிக்கைக் கதைகள் என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. மேற்கு ஐரோப்பாவில் கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிப்போன பிறகு, பல நூறு ஆண்டுகள் இந்த இரண்டு நூல்கள்தான் டிராய் போரின் அசல் வரலாறாக இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெனுவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் டிராய் கதையை முப்பதாயிரம் வரிகளில் பாடினார். அவர் நம்பியது ஹோமரை அல்ல, இவர்களைத்தான். ‘ஹோமர் போரைப் பார்க்காதவன், இவர்கள் பார்த்தவர்கள்’ என்பது அவருடைய வாதம்.

‘உலகம் அறியாத உண்மைக் கதை’ என்று இன்று வரும் நாவல்களையும் காணொளிகளையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு பேர் ஞாபகம் வந்துவிடுகிறார்கள். உத்திகள் அப்படியே இருக்கின்றன. தொலைந்துபோய்க் கிடைத்த ஏடு, கண்ணால் கண்ட சாட்சி, பொய்யன் என்று முத்திரை குத்தப்பட்ட பழைய கவிஞன், தெய்வத்தையும் மாயத்தையும் உரித்தெடுத்துவிட்டு மிச்சத்தை வரலாறு என்று நீட்டுவது. இன்றைக்கு இவற்றோடு ஒரு வாசகமும் சேர்ந்திருக்கிறது: ‘வரலாறு ஜெயித்தவன் எழுதியது.’ அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மறுகூறல்கள் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. சொல்லப்போனால் நான் அதிகம் விரும்பிப் படிப்பவை அவைதான். தெரிந்த கதையைத் தெரியாத இடத்திலிருந்து ஒருவர் சொல்லத் தொடங்கும்போது வரும் பரபரப்பு வேறு எந்த வாசிப்பிலும் எனக்குக் கிடைப்பதில்லை. என் சண்டையெல்லாம் அட்டையில் போடும் அந்த ஒரு உரிமைகோரலோடுதான். ‘இதுதான் நடந்தது, இதுவரை நீங்கள் கேட்டதெல்லாம் பொய்’ என்கிற அந்தக் குரலோடு.

நம் பக்கத்தில் இந்தக் குரலின் பழைய உதாரணம் விமலசூரியின் ‘பௌமசரியம்’. பிராகிருதத்தில் எழுதப்பட்ட சமண ராமாயணம். சிரேணிக மன்னன் மகாவீரரின் சீடரான கௌதமரிடம் சந்தேகம் கேட்பதோடு அது தொடங்குகிறது. அவ்வளவு பலசாலிகளான ராட்சசர்களைக் குரங்குகள் எப்படித் தோற்கடித்திருக்க முடியும்? ஒருவன் ஆறு மாதம் தூங்குவானாம், யானைகளை விட்டு மிதிக்கச் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டானாம், இதை எப்படி நம்புவது? கௌதமர் பதில் சொல்கிறார்: ராவணன் அரக்கனும் இல்லை, மாமிசம் தின்பவனும் இல்லை, மூடக் கவிகள் பொய்யாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் விளக்கங்கள் வரிசையாக வருகின்றன. வானரர்கள் குரங்குகள் அல்ல, குரங்கைச் சின்னமாகக் கொண்ட வித்தியாதர குலத்தார். ராவணனுக்குப் பத்துத் தலை கிடையாது. குழந்தையாக இருந்தபோது அவன் அணிந்த மணிமாலையில் ஒன்பது மணிகளிலும் அவன் முகம் தெரிந்தது, அதனால் தசமுகன் என்று பெயர் வந்தது. கடைசியில் ராவணனைக் கொல்பவன் ராமன் இல்லை, லட்சுமணன். உயிர்க்கொலை செய்யாத ராமன் வீடுபேறு அடைகிறான்.

அந்த மணிமாலைக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். மாலையில் தெரியும் தன் முகங்களைக் குழந்தை பார்க்கும் அந்தக் கணத்தில், பத்துத் தலை என்ற பயங்கரம் சட்டென்று அழகாக மாறிவிடுகிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள். பேசும் குரங்கை நம்ப முடியாது என்று நீக்கிய கவிஞர், அந்த இடத்தில் வானத்தில் பறக்கும் வித்தியாதரர்களை வைக்கிறார். கொலை செய்தவன் முக்தி அடையக் கூடாது என்று அவருடைய தத்துவம் சொல்கிறது, அதற்கேற்ப அம்பு கைமாறுகிறது. பகுத்தறிவுக் கேள்வியில் தொடங்கிச் சமயக் கொள்கையில் முடிகிற கதை இது. கொள்கைக்காகக் கதையை மாற்றுவதில் எந்தத் தவறும் இல்லை. மாற்றியதை உண்மை என்றும் பழையதைப் பொய் என்றும் சொல்லும்போது, தன் கொள்கை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வானரர்கள் ஒரு பழங்குடி, ராவணனின் பத்துத் தலை பத்துக் கலைகளின் குறியீடு என்று இன்று புதுக் கண்டுபிடிப்பாகப் பகிரப்படுகிறவற்றின் தாத்தா விமலசூரிதான். அவர் பெயரைத்தான் யாரும் சொல்வதில்லை.

இதற்குப் பக்கத்தில் கம்பனை வைத்துப் பார்க்கிறேன். பாற்கடலை நக்கிக் குடித்துத் தீர்த்துவிட ஆசைப்பட்ட பூனையைப் போல இந்தக் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்கிறான். தேவபாடையில் இந்தக் கதையைச் செய்தவர் மூவர், அவர்களில் முந்தியவரின் உரைப்படி செய்கிறேன் என்றும் சொல்லிக்கொள்கிறான். சொல்லிவிட்டு, எவ்வளவு மாற்றுகிறான்! வால்மீகியில் ராவணன் ஒரு கையால் சீதையின் கூந்தலையும் இன்னொரு கையால் தொடையையும் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனின் ராவணன் அவளைத் தொடுவதே இல்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ‘வால்மீகி மறைத்ததை நான் சொல்கிறேன்’ என்ற ஒரு வரிகூட இல்லை. பழையதும் நிற்கிறது, புதியதும் நிற்கிறது. இரண்டையும் படிக்கிறவனுக்கு இரண்டும் கிடைக்கின்றன.

சரி, ‘ஜெயித்தவன் எழுதியது’ என்ற வாசகத்துக்கு வருவோம். பல மன்னர்களின் கல்வெட்டுகளுக்கு இது பொருந்தும். காலனி ஆட்சிக்காரர்களின் ஆவணங்களுக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். மகாபாரதத்துக்குப் பொருந்துமா? பாண்டவர்கள் செய்த அநியாயத்தை வியாசர் மூடி மறைத்துவிட்டார், இதோ துரியோதனன் பக்கத்து உண்மை என்று ஒருவர் எழுத வரும்போது, சல்லிய பருவத்தின் கடைசிப் பகுதியை அவர் படித்தாரா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

பீமன் கதாயுதத்தால் துரியோதனனின் தொடையில் அடிக்கிறான். கதாயுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிப்பது முறையில்லை. துரியோதனன் விழுகிறான். விழுந்தவன் தலையைப் பீமன் இடது காலால் மிதிக்கிறான். தர்மன் அவனைக் கண்டிக்கிறான். பலராமன் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பீமனைக் கொல்ல ஓடிவருகிறான், கிருஷ்ணன் கட்டிப்பிடித்துத் தடுக்கிறான். இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். தொடை முறிந்த துரியோதனன் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, வால் அறுபட்ட பாம்பைப் போல உடம்பை நிமிர்த்திக்கொண்டு கிருஷ்ணனைப் பார்த்துப் பேசுகிறான். கம்சனின் அடிமை மகனே என்று தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறான். சிகண்டியை முன்னால் நிறுத்திப் பீஷ்மரை வீழ்த்தியது, யானை செத்ததைச் சொல்லித் துரோணரை ஆயுதம் போட வைத்தது, கௌரவர் பக்கத்து வீரன் பூரிசிரவஸின் கையை வெட்டியது, தேர்ச்சக்கரம் புதைந்து நின்ற கர்ணனைக் கொன்றது. நேராகப் போரிட்டிருந்தால் நீங்கள் ஜெயித்திருக்கவே மாட்டீர்கள் என்கிறான்.

கிருஷ்ணன் பதிலுக்கு அவன் செய்த பாவங்களை எண்ணுகிறான். துரியோதனன் அசரவில்லை. படிக்க வேண்டியதைப் படித்தேன், பூமியை ஆண்டேன், எதிரிகளின் தலைமேல் நின்றேன், போர்க்களத்தில் சாகிறேன், என்னைவிட நல்ல முடிவு யாருக்கு வாய்க்கும் என்று கேட்கிறான். அப்போது வானத்திலிருந்து பூமாரி பொழிகிறது. அவன் மேல்! கந்தர்வர்கள் வாத்தியம் இசைக்கிறார்கள். ஜெயித்தவர்கள் வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நிற்கிறார்கள். கிருஷ்ணனே ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறான்: நேர்வழியில் இவர்களை ஜெயிக்க முடியாது, அதனால்தான் உபாயம் செய்தேன்.

இதில் எதை மறைத்தார்கள்? தோற்றவனுக்கு இவ்வளவு பெரிய கடைசிப் பேச்சைக் கொடுத்து, வானத்தையும் அவன் பக்கம் நிறுத்திய ஒரு கவியை, ஜெயித்தவனின் எழுத்தர் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? கடைசிப் பருவத்தில் சொர்க்கத்துக்குப் போகும் தர்மனின் கண்ணில் முதலில் படுவது, அங்கே ஒளியோடு வீற்றிருக்கும் துரியோதனன்தான்.

வாலிவதமும் அப்படித்தான். ‘ராமன் மறைந்திருந்து கொன்ற உண்மை’ என்று எவ்வளவு தலைப்புகள் பார்த்துவிட்டோம். அந்தக் குற்றச்சாட்டை முதலில் வைத்தவன் வாலி. வால்மீகி அவனை நெடுநேரம் பேச விடுகிறார். கம்பன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். ஏன் ஒளிந்து நின்று எய்தாய் என்ற கேள்விக்குக் கம்பனில் பதில் சொல்வது ராமன் இல்லை, லட்சுமணன். எல்லா வாதங்களும் முடிந்த பிறகு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தம்பியைப் பேச விட்டுவிட்டு நாயகனை மௌனமாக நிறுத்தி வைத்த கவிஞன், அந்தக் கேள்வியின் கனம் தெரியாதவனா? மறைக்கப்பட்டது என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி மூலத்தில் வெட்டவெளியில் கிடக்கிறது. நாம் மூலத்தைப் படித்திருக்க மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் அந்த வியாபாரம் நடக்கிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கர்ணன் விஷயத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. துரியோதனன் மனைவி எழ முயலும்போது மேகலை அறுந்து மணிகள் சிதற, ‘எடுக்கவோ, கோக்கவோ’ என்று அவன் கேட்ட காட்சி இல்லாமல் நமக்குக் கர்ணனே இல்லை. சாகும் தறுவாயில் தான் செய்த புண்ணியத்தையெல்லாம் அந்தணர் வேடத்தில் வந்த கண்ணனுக்குத் தாரை வார்த்த காட்சியும் அப்படியே. இரண்டும் வியாசரில் கிடையாது. நமக்கு அவற்றைப் பாடிக் கொடுத்தவர், பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார். வியாசரின் கர்ணன், சூதாட்ட மண்டபத்தில் திரௌபதியை வேசி என்று சொன்னவன். பாண்டவர் உடைகளையும் அவள் உடையையும் களையச் சொல்லித் துச்சாதனனுக்குக் கட்டளையிட்டவனும் அவன்தான்.

‘கர்ணனின் உண்மைக் கதை’ என்று எழுதுகிறவர்களில் பலர் வில்லியின் மணிகளை வைத்துக்கொண்டு வியாசரின் அந்த வார்த்தையை விட்டுவிடுகிறார்கள், அல்லது யாரோ அவன் வாயில் திணித்தது என்கிறார்கள். அவனை வெறுக்கச் சொல்லவில்லை. தேரோட்டி மகன் என்று சபை சபையாகக் கேவலப்பட்ட ஒருவன், தன்னைப் போலவே சபை நடுவே நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னான் என்பதுதான் அவன் கதையிலேயே தாங்க முடியாத இடம். அதைத் துடைத்துவிட்டால் அவன் நல்லவன் ஆகிவிடுவான், சின்னவனாகவும் ஆகிவிடுவான்.

மூலம் எது என்று நிஜமாகவே தேடியவர்கள் இருக்கிறார்கள். புனேயின் பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919-ல் தொடங்கி 1966 வரை, 1,259 சுவடிகளை ஒப்பிட்டு மகாபாரதத்தின் செம்பதிப்பைக் கொண்டுவந்தது. மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுந்தபோது திரௌபதி சிரித்தாள், அதனால்தான் போரே வந்தது என்று காலங்காலமாகச் சொல்கிறோம் இல்லையா? செம்பதிப்பில் அந்தக் காட்சியில் சிரிப்பவர்கள் பீமனும் அர்ச்சுனனும் இரட்டையர்களும் பணியாட்களும். அவள் அங்கே இல்லை. அவளும் சிரித்தாள் என்பது, பின்னால் துரியோதனன் தன் தந்தையிடம் புலம்பும்போது சொல்வது. அந்தச் சிரிப்பின் மேல் ஒரு யுத்தத்தையே சுமத்தியது பின்னால் வந்த கைகள். இவ்வளவு வேலை செய்த அந்த அறிஞர்கள், இதுதான் வியாசர் வாயிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. கிடைத்திருக்கும் சுவடிகளை வைத்து எட்ட முடிந்த மிகப் பழைய வடிவம் இது, அவ்வளவுதான் என்றார்கள். அந்த அடக்கத்தைப் படித்த நாளிலிருந்து, மூன்றே வாரத்தில் உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பழைய வடிவம் வேறு, உண்மை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் 1812 முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் சொந்தத் தாய். பின்னால் வந்த பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். இது சரிபார்க்கக்கூடிய செய்தி. ஆனால் முதல் பதிப்பு ‘உண்மை’ ஆகிவிடாது, அதுவும் யாரோ சொல்லக் கேட்டு எழுதியதுதான். ‘ரிங் எ ரிங் ஓ ரோசஸ்’ என்ற ஆங்கிலக் குழந்தைப் பாட்டு லண்டன் கொள்ளைநோயைப் பற்றியது என்ற ‘பகீர் உண்மை’யும் உங்களுக்கு வந்திருக்கும். நோய் வந்தது 1665-ல். இங்கிலாந்தில் பாட்டு அச்சேறியது 1881-ல். இரண்டுக்கும் முடிச்சுப் போட்ட விளக்கம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.

ஹாமெலின் குழலூதியின் கதை மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. ஜெர்மனியின் அந்த ஊரில் 1284 ஜூன் 26 அன்று 130 பிள்ளைகள் குழலூதிக்குப் பின்னால் போய்த் திரும்பவே இல்லை என்று பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று சொல்கிறது. அதில் எலிகள் கிடையாது. எலிகள் கதைக்குள் வந்தது பதினாறாம் நூற்றாண்டில். நமக்குத் தெரிந்த கதையின் நியாயமே எலிகளில்தான் இருக்கிறது: எலியை விரட்டியவனுக்குக் கூலி தராமல் ஏமாற்றினார்கள், அவன் பழிவாங்கினான். எலியை எடுத்துவிட்டால் காரணமே இல்லாமல் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். கிழக்கே குடியேறப் போனவர்கள், நடன நோய், சிலுவைப் போர் என்று ஆளுக்கொரு ‘உண்மை’யை எழுதிவிட்டார்கள். எதற்கும் முடிவான சான்று இல்லை. பிள்ளைகளை இழந்த ஊர் காரணத்தைத் தேடித் தேடி, பல தலைமுறைகள் கழித்து எலிகளைக் கண்டுபிடித்ததோ என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம் மட்டுமே.

குரல் மறுக்கப்பட்டவர்களுக்கு உண்மை என்ற ஆயுதம் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்றே நினைக்கிறேன். ராவணனை நாயகனாக்கிப் புலவர் குழந்தை பாடிய ‘இராவண காவியம்’ 1946-ல் வந்தது, 1948-ல் அரசு தடை செய்தது, 1971-ல்தான் தடை நீங்கியது. ஓர் அரசு பயப்படும் அளவுக்கு அதற்குப் பலம் கொடுத்தது அதன் தமிழும் அதன் கோபமும். பதினான்கு வருடம் தனியாக இருந்த லட்சுமணன் மனைவி ஊர்மிளைக்கு இந்திக் கவிஞர் மைதிலிசரண் குப்த் ‘சாகேத்’தில் இடம் கொடுத்தபோது, அவளைப் பற்றிய ஏடு கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ராமாயணத்திலேயே அவள் இடம் காலியாகக் கிடந்தது.

அப்புறம் அகலிகை. வால்மீகியில் வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே அவள் இணங்குகிறாள். சாபம் பெற்றபோதும் கல்லாவதில்லை. காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து, யார் கண்ணுக்கும் தெரியாமல் வாழ்கிறாள். கம்பனில் இடையில் உணர்கிறாள், உணர்ந்தும் தகாது என்று விலக்கவில்லை, கல்லாகிறாள். புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் ராமனால் எழுந்த அந்த அகலிகையை மேலும் வாழ விடுகிறார். வனவாசம் முடிந்து வந்த சீதை, ராமன் தன்னை அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னதை அவளிடம் சொல்கிறாள். அவன் கேட்டானா என்று கத்துகிறாள் அகலிகை. தன்னை மன்னித்தவன் தன் மனைவியைச் சோதித்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. மறுபடியும் கல்லாகிவிடுகிறாள்.

ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமல், பிடிக்காமல்கூடப் போகலாம், அதை நான் பொருட்படுத்தவில்லை என்று கதைக்கு முன்னாலேயே எழுதிவிட்டார் புதுமைப்பித்தன். எந்த ஏட்டையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அவர் கதையைப் படித்த பிறகு கம்பனின் அகலிகைப் படலத்தை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பப் போய்ப் படிக்கிறேன். பழைய கதையைப் பொய் என்று மூடிவைக்கச் சொல்லும் எந்தப் புத்தகமும் என்னை இப்படி அதனிடம் திருப்பி அனுப்பியதில்லை.

இப்போது யாராவது ‘மறைக்கப்பட்ட மகாபாரதம்’ என்று ஒரு காணொளியை அனுப்பினால், எந்தப் பருவத்தில் மறைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன். தமிழில் மொழிபெயர்த்து வந்த கும்பகோணம் பதிப்பு நூலகங்களில் இருக்கிறது, முழு மகாபாரதமும் தமிழில் இணையத்திலேயே படிக்கக் கிடைக்கிறது. எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ஆதி பருவத்தைச் சொல்வதில்லை. கதாயுத்தத்தில் தொடங்குங்கள், துரியோதனன் கைகளை ஊன்றி எழுந்து பேசுவது வரை ஒரே மூச்சில் படியுங்கள், அப்புறம் நாம் பேசலாம் என்கிறேன்.